உடைந்த கிண்ணமும் ஒரு துளிப் பொன்னும்

பீங்கான் கிண்ணம் ஒன்று கைதவறிக் கீழே விழுகிறது. ஓசை கேட்டு வீட்டிலுள்ள அனைவரும் திரும்பிப் பார்க்கிறோம். துண்டுகள் காலில் குத்திவிடாதபடி பெருக்கி அள்ளிக் குப்பையில் சேர்த்துவிட்டால் அத்துடன் அந்தக் கிண்ணத்தின் கதை முடிந்தது. ஓட்டை விழுந்த பித்தளை அண்டாவைப் பற்றவைத்தும், செப்புப் பாத்திரத்திற்கு ஈயம் பூசியும் இரண்டு தலைமுறைகளுக்குப் பயன்படுத்திய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆனால் பீங்கானும் மண்கலமும் உடைந்தால் உடைந்ததுதான். உடைந்த கலத்தை வீட்டில் வைத்திருக்கலாகாது என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

ஜப்பானியர் இதே நிலையில் வேறொரு வழியைக் கண்டனர். உடைந்த தேநீர்க் கிண்ணத்தின் துண்டுகளைப் பொறுக்கி, ஒரு மரத்தின் பாலைக் கொண்டு ஒட்டி, ஒட்டிய கோடுகளின் மேல் பொன்தூள் தூவும் கலை அது. அதன் பெயர் கின்ட்சுகி. ‘கின்’ என்றால் பொன்; ‘சுகி’ என்றால் இணைப்பு. விரிசல் மறைக்கப்படுவதில்லை. கிண்ணத்தின் மீது பொன்னாறு ஓடுவதைப் போல அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கிறது.

இக்கலையைப் பற்றிக் கேள்விப்பட்டோரில் பலர், பொன்னை உருக்கி வார்த்துத் துண்டுகளை ஒட்டுகிறார்கள் என்றே எண்ணியிருக்கிறார்கள். உண்மை அதுவன்று. பொன் உருகுவதற்கு 1,064 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அத்தகைய உருகிய உலோகத்தை மெல்லிய கிண்ணத்தின் விளிம்பில் ஊற்றினால், அந்தச் சூட்டிலேயே கலம் மேலும் பிளந்துவிடும். பொன் எந்தத் துண்டையும் ஒட்டுவதில்லை. ஒட்டும் வேலையை மரத்தின் பாலும், ஒரு பிடி கோதுமை மாவும், பல வாரக் காத்திருப்பும் செய்கின்றன. எல்லாம் முடிந்த பிறகே பொன் வருகிறது.

ஒரு சாதாரணக் கிண்ணத்தை இம்முறையில் சீராக்க ஆகும் கூலி, அதே போன்ற புதுக் கிண்ணத்தின் விலையைப் பலமுறை தாண்டிவிடும். வரவு செலவுக் கணக்கில் பழகிய எவருக்கும் எழும் கேள்வி ஒன்றே: பிறகு ஏன் இந்த வேலை? அதற்கு விடை தேடியே இக்கலையின் உள்ளே நாம் சற்று நுழைந்து பார்ப்போம்.

மரத்தின் காயத்தில் ஊறும் பால்

கின்ட்சுகியின் உயிர்ப்பொருள் ‘உருஷி’ எனப்படும் மரப்பால். ஆங்கிலத்தில் இதனை ‘லாக்கர்’ என்பர். அச்சொல் நம் நாட்டு ‘லாக்’, அதாவது அரக்கு, என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்றாலும், இரண்டும் ஒரே பொருளல்ல. நம் அரக்கு ஒருவகைப் பூச்சி சுரப்பது. உருஷியோ மரத்திலிருந்து வடிவது.

மரத்தின் பட்டையைக் கீறும்போது, தன் காயத்தை மூடிக்கொள்வதற்காக அது பாலைச் சுரக்கிறது. ரப்பர் தோட்டங்களில் பால் எடுப்பதைக் கண்டவர்களுக்கு இக்காட்சி ஓரளவு விளங்கும். ஆனால் ரப்பர் மரம் பல ஆண்டுகள் தொடர்ந்து பால் கொடுக்கும். ஜப்பானிய வழக்கில் உருஷி மரத்தின் கணக்கு வேறு. நட்டு வளர்த்துப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். பிறகு ஒரே பருவத்தில், ஜூன் மாதம் தொடங்கி இலையுதிர் காலம் வரை, சில நாட்களுக்கு ஒருமுறை வரிவரியாகக் கீறிப் பாலைச் சுரண்டி எடுக்கிறார்கள். அப்பருவம் முடிந்ததும் மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அடிமரத்திலிருந்தும் வேரிலிருந்தும் புதுத் தளிர் கிளம்பும். இத்தனை ஆண்டு வளர்ந்த ஒரு மரம் மொத்தமாகத் தருவது சுமார் 200 மில்லிலிட்டர் பால். ஒரு தம்ளர் அளவு.

ஜப்பானின் வடபகுதியில் இவாதே மாகாணத்தைச் சேர்ந்த நினோஹே நகரின் ஜோபோஜி வட்டாரம் இதற்குப் பெயர்பெற்றது. அந்நாட்டில் கிடைக்கும் உருஷியில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. கீறலின் ஆழம் கூடினால் மரம் தளரும்; குறைந்தால் பால் சுரக்காது. ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் பார்த்து, அன்றைய வானிலையையும் பார்த்து, கத்தியின் அழுத்தத்தைத் தீர்மானிக்க வேண்டும். இதனை ஏட்டில் படித்துக் கற்க முடியாது. மூத்தவரின் பக்கத்தில் நின்று கற்க வேண்டும்.

மாமரத்தின் உறவு

உருஷி மரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மாமரமும் முந்திரியும் சேங்கொட்டையும் அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. பறித்த மாங்காயின் காம்பிலிருந்து வடியும் பால் பட்டு உதடும் கன்னமும் வெந்துபோன அனுபவம் நம்மில் பலருக்குச் சிறுவயதில் வாய்த்திருக்கும். முந்திரிக்கொட்டையின் தோட்டு எண்ணெய் கையைப் பொசுக்குவதையும், சலவைத் தொழிலாளர்கள் துணிகளுக்கு அழியாத குறியிடச் சேங்கொட்டையின் சாற்றைப் பயன்படுத்தியதையும் அறிந்தவர்கள் இருப்பார்கள். இவை அனைத்திலும் உள்ள காரப்பொருள்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையவை.

பச்சை உருஷி தோலில் பட்டால் கடும் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். புதிதாகத் தொழில் கற்க வருவோர் முதலில் சந்திப்பது இந்தத் தடிப்பைத்தான். ஆனால் அதே பால் முழுவதும் இறுகிய பின் நீரும் அமிலமும் எளிதில் ஊடுருவாத உறுதியான படலமாகிவிடுகிறது. அப்போது அதில் உணவு உண்ணலாம். சூடான சாறு ஊற்றிக் குடிக்கலாம். ஜப்பானியரின் அன்றாட சூப்புக் கிண்ணங்களில் பூசப்படுவதும் இதுவே. தொன்மையான ஜோமோன் காலத்து மக்களே உருஷியின் பயனை அறிந்திருந்தார்கள். அக்கால மட்கலங்களில் உருஷியால் ஒட்டிச் சீராக்கிய தடயங்களும் கிடைத்துள்ளன. ஒட்டுவது பழைய வழக்கம். அதன்மேல் பொன்னிட்டது பின்னாளில் வந்தது.

ஈரத்தில் உலரும் பசை

இனி வேலைக்கூடத்திற்குள் செல்வோம். துண்டுகளைக் கழுவி உலர்த்தி, எது எதனோடு பொருந்தும் என்று அடுக்கிப் பார்ப்பது முதற்பணி. உடைந்த விளிம்புகளின் கூர்மையைச் சற்றே மழுக்கி, அவற்றின்மேல் மெல்லிய உருஷியைப் பூசுகிறார்கள்.

அடுத்தது பசை. கோதுமை மாவில் நீர் விட்டுப் பிசைந்து, அதனோடு பச்சை உருஷியைச் சேர்த்து, இழுத்தால் நூல் போல் நீளும் பதம் வரும்வரை குழைக்கிறார்கள். சுவரொட்டி ஒட்ட மைதாப் பசை காய்ச்சும் நமக்கு இதன் முதற்பாதி புதிதன்று. இந்தப் பசையை விளிம்பின் இருபுறமும் மெல்லியதாகத் தடவி, துண்டுகளை அழுத்திப் பொருத்தி, அசையாதபடி கட்டி வைக்கிறார்கள்.

இங்கேதான் உருஷியின் விந்தை இருக்கிறது. மற்றப் பசைகள் காற்றில் நீர் வற்றி உலர்கின்றன. உருஷியோ ஈரத்தில் இறுகுகிறது. அதனுள் இருக்கும் ஒரு நொதி, காற்றின் உயிர்வளியைக் கொண்டு பாலின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அந்த நொதி வேலை செய்ய ஈரப்பதமும் மிதமான வெப்பமும் தேவை. எனவே ஒட்டிய கிண்ணத்தை வெயிலில் வைப்பதில்லை. ‘முரோ’ எனப்படும் மரப்பெட்டிக்குள், நனைத்த துணியோடு, 20 முதல் 30 பாகை வெப்பமும் 70 முதல் 85 விழுக்காடு ஈரப்பதமும் நிலவும்படி வைத்து மூடுகிறார்கள். மழைக்காலத்தில் துணி உலரவில்லையே என்று நாம் சலித்துக்கொள்ளும் அந்தப் புழுக்கம்தான் உருஷிக்கு உகந்த சூழல்.

ஒட்டு நன்கு இறுக ஓரிரு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும். பிறகு வழிந்து நின்ற பசையைச் சுரண்டி எடுக்கிறார்கள். விளிம்பில் சிறு சில்லுகள் தொலைந்திருந்தால், நுண்ணிய மண்தூளை நீரிலும் உருஷியிலும் குழைத்துப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். பள்ளம் பெரிதாயின் மரத்தூள் கலந்த கெட்டிக் கலவை. அதுவும் இறுக வேண்டும். தேய்த்து மட்டம் செய்ய வேண்டும். அதன்மேல் கரிய உருஷி ஒரு பூச்சு, மீண்டும் பெட்டி, மீண்டும் நீர் தொட்டுக் கரியால் தேய்த்தல். இவ்வாறு இரண்டு மூன்று முறை. விரலால் தடவினால் ஒட்டிய இடமும் ஒட்டாத இடமும் வேறுபாடின்றி வழுக்க வேண்டும்.

இந்தக் கட்டங்களில் எதையும் அவசரப்படுத்த இயலாது. உள்ளே இறுகுமுன் மேற்பூச்சு பூசினால், மேலே தோல் போர்த்திக்கொண்டு உள்ளே பசை பச்சையாகவே நின்றுவிடும். கிண்ணம் மறுபடியும் கழன்றுபோகும். இப்படியாக ஒரு கிண்ணத்திற்கு ஒரு மாதம் முதல் மூன்று மாதங்கள் வரை, சில நேரம் அதற்கு மேலும் ஆகிறது. அதில் கைகள் உழைக்கும் நேரம் சில மணிகளே. மீதியெல்லாம் காத்திருப்பு.

கடைசியில் வரும் பொன்

கோடு மட்டமான பிறகு, செங்காவி நிறம் கலந்த உருஷியால் அதன்மேல் மெல்லிய தூரிகை கொண்டு கோடு இழுக்கிறார்கள். சிவப்பு நிறம் அடியில் இருந்தால் பொன்னின் நிறம் இதமாகத் தெரியும். பூச்சு முழுவதும் இறுகிவிடவும் கூடாது. ஈரமாக இருக்கவும் கூடாது. தொட்டால் ஒட்டியும் ஒட்டாததுமான அந்தப் பதத்தில், பட்டுப் பஞ்சில் தொட்ட பொன்தூளைக் கோட்டின்மேல் மெல்ல ஒற்றுகிறார்கள். முந்தினால் பொன் உருஷிக்குள் மூழ்கி மங்கிவிடும், பிந்தினால் ஒட்டாது. மரப்பெட்டிகளிலும் எழுதுகோல் பேழைகளிலும் பொன்தூவி ஓவியம் தீட்டும் ‘மகியே’ என்னும் கலையிலிருந்து வந்த நுட்பம் இது.

தூவிய பொன் பதிந்த பின், வழவழப்பான அகேட் கல்லாலோ கடல்மீனின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அப்போதுதான் அந்தக் கோடு உலோகத்தின் ஒளியைப் பெறுகிறது. பொன்னுக்குப் பதிலாக வெள்ளி தூவுவதும் உண்டு. பொன்னே இல்லாமல் கருப்பு அல்லது சிவப்பு உருஷிக் கோட்டோடு நிறுத்திவிடுவதும் உண்டு. வலிமையில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

இதில் செலவாகும் பொன் எவ்வளவு? ஒரு கிண்ணத்தின் இரண்டு மூன்று கோடுகளுக்கு ஒரு கிராமில் சிறு பகுதியே போதும். வங்கிக் கிளையின் நகை மதிப்பீட்டாளர் தராசில் வைத்தால் முள் அசைவதே அரிது. அதைச் சுரண்டி மீட்டு விற்கவும் முடியாது. எனவே, கின்ட்சுகி செய்த கிண்ணத்தின் மதிப்பு அதிலுள்ள பொன்னின் மதிப்பு என்று கொண்டால் நம் கணக்கு தவறிவிடும்.

கவ்வி போட்ட கிண்ணம்

தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இளம்பச்சை நிறத்தில் ஒரு தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. சீனாவின் லோங்சுவான் சூளைகளில் 13-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. 15-ஆம் நூற்றாண்டில் அது ஜப்பானின் ஆட்சித் தலைவரான அஷிகாகா யோஷிமசாவிடம் இருந்தது. கிண்ணத்தின் அடியில் விரிசல் கண்டதும், இதைப் போன்ற வேறொன்று வேண்டும் என்று கேட்டு அவர் அதனைச் சீனாவுக்கு அனுப்பினார். அத்தகைய கிண்ணம் இனிக் கிடையாது என்று கூறி, விரிசலில் உலோகக் கவ்விகள் அடித்து அதையே அங்கிருந்து திருப்பி அனுப்பினர். இந்த வரலாற்றை இதோ தோகாய் என்னும் அறிஞர் 1727-இல் எழுதி வைத்தார்.

அந்தக் கவ்விகளின் அருவருப்பைக் கண்டு ஜப்பானியக் கைவினைஞர்கள் கின்ட்சுகியைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை உலகெங்கும் சொல்லப்படுகிறது. கிண்ணத்தைப் பார்த்தால் வேறு விதமாக எண்ணத் தோன்றும். கவ்விகளை எவரும் பிடுங்கி எறியவில்லை. பெரிய வெட்டுக்கிளிகள் அமர்ந்திருப்பதைப் போல அவை தெரிந்தமையால், கிண்ணத்திற்கே ‘பகோஹன்’ என்று பெயர் அமைந்தது. வெட்டுக்கிளிப் பிணிப்பு என்பது அதன் கருத்து. பொன் படாத இந்த ஒட்டுவேலையையும் அவர்கள் ரசித்தார்கள். ஒட்டின் தோற்றத்தை ரசிக்கும் கண் முன்பே இருந்தது. தேநீர்க் கலை செழித்த 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அந்தக் கண்ணுக்குப் பொன்கோடும் விருந்தானது.

தேநீர்க் கலையைப் பற்றி இங்கு ஒரு சொல். சிறிய அறையில் சில விருந்தினர் அமர்ந்திருக்க, பச்சைத் தேயிலைப் பொடியை வெந்நீரிலிட்டு மூங்கில் கடைகோலால் கலக்கி வழங்குவது அச்சடங்கு. கெட்டியான தேநீர் என்றால் ஒரே கிண்ணத்தில் அனைவரும் பகிர்ந்து பருகுவர். பருகியபின் கிண்ணத்தைக் கையிலேந்தித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அது எங்கே பிறந்தது, யார் கைகளில் இருந்தது, அதன் பெயர் என்ன என்று கேட்பார்கள். நல்ல கிண்ணத்திற்கு மனிதர்களைப் போலப் பெயர் உண்டு. பெயருள்ள ஒன்றை உடைந்தது என்பதற்காக எவரும் எளிதில் எறிவதில்லை.

ஐந்து துண்டுகளும் ஒரு பணியாளும்

கொரியாவில் பெயர் தெரியாத குயவர்கள் செய்த எளிய மண்கிண்ணங்களை ஜப்பானியத் தேநீர் வல்லுநர்கள் ‘இதோ’ கிண்ணங்கள் எனப் போற்றினர். அவற்றுள் ஒன்று, யமதோ நாட்டின் தலைவர் சுட்சுயி ஜுன்கேயிடமிருந்து, ஜப்பான் முழுவதையும் தன் ஆளுகைக்குள் கொணர்ந்த தொயோதொமி ஹிதெயோஷியின் கைக்கு வந்தது. ஒருநாள் இளம் பணியாள் ஒருவன் அதைத் தவறவிட்டான். கிண்ணம் ஐந்து துண்டுகளானது. ஹிதெயோஷியின் சினம் அறிந்தவர்கள் அந்தப் பணியாளின் கதி என்னாகுமோ என்று நடுங்கினர்.

அவையிலிருந்த ஹொசோகவா யூசாய் படைத்தலைவர், அதோடு கவிஞர். பழைய காதற்பாடல் ஒன்றைத் திரித்து அந்த நொடியிலேயே வேடிக்கையாக ஒரு பாடல் கட்டினார். கிண்ணத்தின் பழைய உடைமையாளர் பெயரும் ஐந்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லும் ஒலியில் நெருங்கியவை. அந்த ஒற்றுமையை வைத்து, ஐந்தாய் உடைந்ததற்கான பழியை நானே ஏற்கிறேன் என்னும் பொருள்பட அவர் பாடவே, ஹிதெயோஷி சிரித்துவிட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பணியாள் தப்பினான். ஒட்டப்பட்ட கிண்ணத்திற்கு அந்தப் பாடலிலிருந்தே ‘சுட்சுயிசுட்சு’ என்று பெயர் வந்தது. இன்று அது ஜப்பானின் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளில் ஒன்று. உடையாமலிருந்தால் அது நல்ல கிண்ணங்களுள் ஒன்றாக மட்டும் இருந்திருக்கும். அதன் ஒட்டுக்கோட்டைப் பார்ப்பவர்க்கு ஓர் உயிர் பிழைத்த நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது.

ஒட்டு சரியாக இருக்க வேண்டுமா?

1701-இல் வெளியான தேநீர்க் கலை நூல் ஒன்றில் மற்றொரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. சகாய் நகரத்தவர் ஒருவர் தம்மிடமிருந்த ‘உன்ஸான்’ என்னும் தேயிலைச் சிமிழைப் பெருமையுடன் வைத்து, தேநீர்ப் பேராசான் சென் நோ ரிக்யூவை (1522–1591) விருந்துக்கு அழைத்தார். ரிக்யூ அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. விருந்து முடிந்ததும் மனமுடைந்த அவர், ரிக்யூவுக்குப் பிடிக்காதது எனக்கு எதற்கு என்று சிமிழை அடுப்பின் இரும்பு முக்காலியில் அடித்து உடைத்துவிட்டார். அருகிலிருந்த நண்பர் துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சென்று, தாமே ஒட்டி, மறுபடியும் ரிக்யூவை அழைத்தார். இம்முறை ரிக்யூ அதைக் கண்டு, இப்போதுதான் இது அருமையாக இருக்கிறது என்றார்.

கதை இத்துடன் முடியவில்லை. பின்னாளில் அச்சிமிழைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய பிரபு ஒருவருக்கு, ஒட்டு சரியாகப் பொருந்தாமல் இருப்பது உறுத்தியது. பிரித்து ஒழுங்காக ஒட்டிவிடலாமா என்று அக்காலத்தின் தலைசிறந்த தேநீர் வல்லுநர் கொபோரி என்ஷூவிடம் (1579–1647) கேட்டார். ஒட்டு பொருந்தாததால்தான் ரிக்யூவுக்கு அது பிடித்தது. அதனால்தான் அது புகழ்பெற்றது. அப்படியே விட்டுவிடுங்கள் என்பது என்ஷூவின் விடை.

இரண்டு அறிவுரைகள் இதில் அடங்கியுள்ளன. உடைத்தவர் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்ததை நண்பர் பொறுக்கி வைத்தார். பிரபு கண்ணுக்குக் குறையாகத் தெரிந்ததை என்ஷூ காப்பாற்றினார். சீராக்குவது என்பது பழையபடி ஆக்குவது என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஹொன்னமி கோயெட்சு (1558–1637) என்பவர் வாள்களை மதிப்பிடும் குடும்பத்தில் பிறந்தவர்; தாமே கிண்ணங்கள் வனைந்தவர். அவர் செய்த ‘செப்போ’ என்னும் கிண்ணம் சூளையிலேயே பெரிதாக வெடித்தது. அந்த வெடிப்புகள் உருஷியால் நிரப்பப்பட்டு, மேலே பொன் இடப்பட்டன. செப்போ என்றால் பனிச்சிகரம். செந்நிறக் கிண்ணத்தின் மேற்புறம் படிந்த வெண்பூச்சைப் பனியாகவும், பொன்கோடுகளை அதிலிருந்து உருகி ஓடும் ஓடைகளாகவும் நாம் காணலாம். ஒட்டுக்கோடுகள் தரும் இத்தகைய காட்சியை ஜப்பானியர் ‘கெஷிகி’, அதாவது நிலக்காட்சி, என்றே அழைக்கின்றனர்.

நம் வீட்டுக் கிண்ணத்திற்கு

இக்கலை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. இணைய வணிகத்தில் கின்ட்சுகிப் பெட்டிகள் நம் நாட்டிலும் கிடைக்கின்றன. அவற்றை வாங்குமுன் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம்.

இரண்டு நாட்களில் முடியும் என்று விளம்பரம் செய்யப்படும் பெட்டிகள் பெரும்பாலும் எபாக்ஸிப் பசையும் பித்தளைத் தூளும் கொண்டவை. அலங்காரப் பொருள்களுக்கும் பூச்சாடிகளுக்கும் அவை போதும். அவற்றால் ஒட்டிய கலத்தில் காபியோ சாம்பாரோ ஊற்றிப் பருகுவது உகந்ததன்று. உண்ணவும் பருகவும் கிண்ணம் வேண்டுமெனில், உண்மையான உருஷியும் உண்மையான பொன்னும் கொண்டு, முழுவதும் இறுகும்வரை காத்திருந்து செய்ய வேண்டும்.

மாம்பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் உருஷியைக் கையாளும்போது கூடுதல் எச்சரிக்கை கொள்ள வேண்டும். கையுறையும் நீண்ட கைச்சட்டையும் இன்றி எவருமே அதைத் தொடலாகாது. ஒட்டிய கிண்ணத்தை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக்கூடாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் கூடாது. மென்மையான பஞ்சால் கையால் கழுவினால் போதும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் பொன் போய்விடும்.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். கடையில் வாங்கிய ஓர் எளிய தேநீர்க் கோப்பை உடைந்தால், அதே போன்றதொன்றை வாங்குவதே சிக்கனம். இதில் ஒளிவுமறைவு இல்லை. அம்மா கையால் ஊறுகாய் போட்டு வைத்த ஜாடியோ, தாத்தா காபி குடித்த கோப்பையோ உடைந்தால், அதே போன்றது கடையில் கிடைக்காது. கின்ட்சுகி அத்தகைய பொருளுக்கானது. விலை கொடுத்து மறுபடி வாங்க முடிவதையும், முடியாததையும் பிரித்தறிந்த பிறகே அதற்குச் செலவு செய்ய வேண்டும். இக்கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு நமக்குக் கிடைத்த விடை இது.

குறைந்துவரும் கைகள்

கின்ட்சுகியின் புகழ் வளர்ந்த அளவுக்கு உருஷி வளரவில்லை. ஜப்பான் இன்று பயன்படுத்தும் உருஷியில் மிகப்பெரும் பகுதி சீனாவிலிருந்து வருவது; உள்நாட்டுப் பால் மிகச் சிறிய பங்கே. விலை குறைந்த இரசாயனப் பூச்சுகள் வந்ததும் மரம் நடுவோர் குறைந்தனர். பால் எடுப்போருக்கு வயதாகிவிட்டது. மரம் முதிரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகுமாதலால், இன்று நடாதவருக்கு நாளை பால் இல்லை. தேவை வந்தபின் நட்டுப் பயனில்லை.

இந்நிலையை உணர்ந்த ஜப்பானியப் பண்பாட்டு முகமை 2015-இல் ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. தேசியச் செல்வங்களாகவும் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளாகவும் அறிவிக்கப்பட்ட கட்டடங்களைச் சீரமைக்கும்போது உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். நிச்சயமான வாங்குவோர் கிடைத்ததும் மரம் நடுவதற்கும் தொழில் கற்பதற்கும் மீண்டும் ஆள்கள் முன்வரத் தொடங்கினர். 2020-இல், மரக்கட்டடங்களைப் பேணும் ஜப்பானின் மரபுத் திறன்களை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உருஷி எடுக்கும் திறனும் அதில் இடம்பெற்றுள்ளது. ஜோபோஜி மலைச்சரிவில் இப்போது நடப்படும் கன்றுகளின் பால், இப்போது தொடக்கப்பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை வளர்ந்து தொழிலுக்கு வரும்போதுதான் வடியும்.

நம் ஊரில் உருஷி மரம் இல்லை. பொன்தூள் ஒற்றும் கைவினைஞரும் நம் தெருவில் இல்லை. ஆயினும் இக்கலையின் முதற்படியை நாம் எவரும் செய்யலாம். வேண்டிய ஒன்று வீட்டில் உடைந்தால், உடனே துடைப்பத்தை எடுக்காமல், ஒரு தாளை விரித்துத் துண்டுகளைக் கையால் பொறுக்கி வையுங்கள். கடுகளவுச் சில்லையும் விட வேண்டாம். பள்ளம் நிரப்பும்போது அதுவும் பயன்படும். உடனே விரைவுப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். பின்னால் சரியாகச் சீராக்க நினைத்தால் அந்தப் பசையை நீக்குவதே பெருவேலையாகிவிடும். துண்டுகளைக் கழுவி உலர்த்தி, துணியில் சுற்றி, ஒரு பெட்டியில் இட்டு, உடைந்த நாளையும் அது யாருடையது என்பதையும் எழுதி வையுங்கள். சீராக்குவதா வேண்டாமா என்பதை ஒரு மாதம் கழித்து முடிவு செய்யலாம். துண்டுகள் அதுவரை காத்திருக்கும்.